ரெய்னோவின் பாஸ்டி மீது ஒரு வழக்கு

மே 9, வியாழன்

மண்புழு வந்து இறங்கியது. டப்பா டப்பாவாகக் குளிர்பெட்டியில் அடுக்கியதில் இடுப்பு கழன்றுவிட்டது. ரெய்னோ உதவ வந்தான். இடது கை விரல்கள் சரியாக மடங்காததால் ஒரு டப்பாவைத் தவறவிட்டான். கடை முழுக்கப் புழு. கணவனும் மனைவியும் மண்டியிட்டுப் பொறுக்கினோம். இந்த வருடம் நாங்கள் சேர்ந்து செய்த காரியங்களிலேயே நெருக்கமானது இதுதான்.

தூண்டில் இரை வாங்க வருகிற ஒவ்வொருவனும் புழுவைப் பார்ப்பதற்கு முன் முற்றத்தில் இருக்கும் நீலத் தார்ப்பாயைப் பார்க்கிறான். "இன்னும் அங்கேயேதான் இருக்கா?" என்று இன்று ஒருவன் கேட்டான். "இல்லப்பா, தினமும் ஊரைச் சுத்திட்டு ராத்திரிக்குத் திரும்பி வருது" என்றேன்.

தார்ப்பாய்க்குக் கீழே எங்கள் வண்டி. வண்டி என்பது மரியாதைக்குச் சொல்வது. காட்டிலும் சேற்றிலும் ஓடுகிற நாலு சக்கர ஏ.டி.வி. அது. சைலன்சர் சூட்டில் பக்கத்துப் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கலாம் என்று கம்பெனியே கடிதம் போட்டு எல்லா வண்டிகளையும் திரும்பக் கூப்பிட்டது. போன ஆகஸ்டில் டீலரிடம் கொண்டுபோனோம். ஒரு தகடு வைத்தான், பச்சை ஸ்டிக்கர் ஒட்டினான், "இனி கவலையே இல்லை" என்றான். அக்டோபரில் எரிந்தது. ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய எங்கள் நீராவிக் குளியலறை, சவுனாவையும் சேர்த்து எரித்தது. வண்டியைச் சுவரிலிருந்து வெறுங்கையால் தள்ளப் பார்த்ததில் ரெய்னோவின் இடது கை வெந்தது.

இப்போது கம்பெனி மேல் வழக்கு. எரிந்த வண்டிதான் முதல் சாட்சி. அதனால் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது, கழுவக் கூடாது என்று வக்கீல் உத்தரவு.

மே 11, சனி

சாட்சியின் ஸ்டியரிங் மேல் ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது. வக்கீலுக்குப் போன் செய்து கலைக்கலாமா என்று கேட்டேன். மறுமுனையில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "முட்டை வச்சிருச்சா?" என்றாள்.

மே 20, திங்கள்

வக்கீல் ஜோன் டிரெசைஸ் நேரில் வந்தாள். ஹோட்டன் நகரில் அலுவலகம். வயது முப்பதுக்குச் சற்று மேல். சேற்றில் நடக்கத் தெரிந்த செருப்பு போட்டிருந்தாள். அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. சாப்பிடக் கொடுத்த பாஸ்டியைப் பிட்டு உள்ளே பார்த்தாள்.

"ரூட்டபாகா கிழங்கு போட்டிருக்கீங்க. நல்ல வேளை. கேரட் போட்டிருந்தா இந்தக் கேஸை விட்டிருப்பேன்."

டிரெசைஸ் குடும்பம் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்கத்துக்கு வந்த குடும்பம். மாவுக்குள் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடும் இந்தப் பண்டத்தை மிச்சிகனுக்குக் கொண்டுவந்ததே அவர்கள்தாம் என்று நினைப்பு. பின்லாந்துக்காரர்களான நாங்கள்தான் அதைச் சாப்பிடும்படி ஆக்கினோம். அதை அவளிடம் சொல்லவில்லை. சரி, சொன்னேன்.

ஜூலையில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் வாக்குமூலம் வாங்குவாராம். "ஆமா, இல்ல, ஞாபகம் இல்ல. இந்த மூணே பதில்தான் உங்ககிட்ட இருக்கு, மிஸஸ் லாம்பெலா. கதை சொல்லவே கூடாது."

ரெய்னோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட ஒரு வார்த்தைக் கேள்விக்கே நான் விளக்கம் சொன்னவள்.

ஜூன் 6, வியாழன்

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். வக்கீல் ஹேல், சிகாகோவிலிருந்து. கொசு கடிப்பதைக்கூடச் சிரித்த முகமாக வாங்கிக்கொள்கிற மனிதர். கூடவே டாக்டர் ஃபார்லி என்ற பொறியாளர், கேமராக்காரர்கள் இருவர். குருவிக் கூட்டைப் படம் எடுத்தார்கள். குருவி அவர்கள் தலையில் கொத்தியது. இந்த ஊரில் என் பக்கம் நிற்க ஒரு ஜீவனாவது இருக்கிறது.

ஃபார்லி சாம்பலுக்குள் இடுக்கியை விட்டுத் துழாவினார். இன்ஜினுக்கு வலது பக்கத்திலிருந்து உருகிச் சுருண்ட ஓர் அலுமினியத் தாள் உருண்டையை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது வண்டியோட பாகம் இல்லையே" என்றார்.

"சாப்பாடு சுத்தின தாளோ?" என்றார் ஹேல், மிக மெதுவாக.

ஜோன் "பதில் சொல்லாதீங்க" என்றாள். அதற்குள் நான் "பாஸ்டி" என்று சொல்லிவிட்டிருந்தேன்.

ஹேலின் முகத்தில் கிறிஸ்துமஸ் வந்தது. வேட்டைப் பருவத்தில் ரெய்னோ மதியச் சாப்பாட்டைத் தாளில் சுற்றி இன்ஜின் பக்கத்தில் செருகிச் சூடாக்குவான். இந்த வட்டாரத்தில் பாதி ஆண்கள் செய்வதுதான். ஜோன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

ரெய்னோவின் முகம் மட்டும் சரியில்லை. சுண்ணாம்பு அடித்தது மாதிரி.

ஜூன் 7, வெள்ளி

கேட்டேவிட்டேன். விறகு பிளந்துகொண்டிருந்தான், ஒற்றைக் கையால்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

கோடரியைக் கீழே வைத்தான். "அன்னிக்கு அதை எடுக்க மறந்துட்டேன் ஐலி. உள்ளேயே விட்டுட்டு இறங்கிப் போய்ட்டேன். சவுனாவை எரிச்சது நான்தான்."

ஐயோ. அக்டோபரிலிருந்து இதையா மனசுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்தான்? நான் ஒரு முட்டாள். அப்போதிலிருந்து பாஸ்டியைத் தொடவே இல்லை — கை வலி, பிடித்துச் சாப்பிட முடியவில்லை என்று நான் நினைத்தேன். முள்கரண்டி வேறு வாங்கிக் கொடுத்தேன்! நான் பேசுகிற பேச்சில் அவன் வாயைத் திறக்க எங்கே இடம்?

"கம்பெனி சொல்றதும் அதேதானே" என்றான்.

"கம்பெனி சொன்னா?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது."

குனிந்து அவன் பிளந்த விறகைப் பொறுக்கி அடுக்கினேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஹோட்டனில் வாக்குமூலம். ஒரு பெண் நான் சொல்வதை எல்லாம் தட்டச்சு செய்தாள். பாவம், அவளுக்கு இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

முதலில் நல்லபடியாகத்தான் இருந்தேன். ஆமா. இல்ல. ஆமா. ஜோன் மேசைக்கடியில் கட்டை விரலை உயர்த்தினாள்.

பிறகு ஹேல் கேட்டார்: "உங்க கணவர் இதுக்கு முன்னாடி இன்ஜின்ல பாஸ்டி சூடு பண்ணியிருக்காரா?"

"ஆமா."

"பல தடவை?"

"ஆமா."

"அது ஆபத்துன்னு உங்களுக்கு ஒரு நாளும் தோணலையா?"

இதற்கு 'இல்ல' போதும். எனக்கும் தெரியும்.

"சார், அவர் என்னைப் பொண்ணு பார்க்க வந்ததே ஒரு பழைய டிராக்டர்ல. அதோட இன்ஜின்லேருந்து ரெண்டு பாஸ்டி எடுத்து, ஒண்ணை எனக்குக் கொடுத்தார். அப்புறம் பனிவண்டி. அப்புறம் மரம் ஏத்தற லாரி. ஊர்ப் பள்ளிக்கூடப் பஸ்ஸைப் பதினோரு வருஷம் ஓட்டினார், அதுலயும். எங்க மாமனார் அடக்கத்துக்குப் போனப்ப, கல்லறைக்குப் போற வழியில நாலு பாஸ்டி சூடாச்சு. பாதிரியாரும் ஒண்ணு சாப்பிட்டார்."

"மிஸஸ் லாம்பெலா..."

"முடிக்கல சார். இதுல ஒண்ணுகூட எரியல. ஒரு வண்டிகூட. நீங்க ரிப்பேர் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டின வண்டி மட்டும்தான் எரிஞ்சது."

தட்டச்சுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஹேல் பேனாவை மூடினார்.

வெளியே வந்ததும் ஜோன் காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "மூணு பதில் கொடுத்தேன் உங்களுக்கு. மூணே மூணு."

ஜூலை 17, புதன்

நான் சொன்னதை ரெய்னோவிடம் சொன்னேன். "லாரியில ஒண்ணு கருகிச்சு" என்றான். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 10, சனி

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. (யார் சொன்னது என்று என்னைக் கேட்க வேண்டாம்.) தேவாலயப் பெண்கள் சங்கத்தின் விற்பனைப் பலகையில் இன்று இப்படி எழுதியிருந்தது: பாஸ்டி — மாட்டிறைச்சி, கோழி. தீப்பிடிக்காது என்று உத்தரவாதம்.

எழுதியது வெர்னா. எனக்கு அடுத்த வீடு, பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. கடைக்குள் வந்து கல்லாப் பக்கம் நின்று, மண்புழு டப்பாவை முகர்ந்து பார்த்து, "இதையும் இன்ஜின்ல வைப்பீங்களா?" என்றாள்.

"சிரி. உன்கிட்டயும் அதே வண்டிதான் இருக்கு."

"என்னோடதுல ஸ்டிக்கர் ஒட்டியாச்சும்மா."

"என்னோடதுலயும்தான் ஒட்டியிருந்தது."

அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் அதே வண்டியில் ஏறித்தான் வீட்டுக்குப் போனாள். ஞாயிறுதோறும் மாமியாரை அதில் உட்கார வைத்துத்தான் தேவாலயம் போகிறாள். கிழவிக்கு எண்பத்தெட்டு வயது; வேகமாகப் போகச் சொல்லிக் கைத்தடியால் வெர்னாவின் முதுகில் தட்டும்.

ரெய்னோவுக்காக நான்கு வாங்கினேன். நாலையும் நான்தான் தின்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

கம்பெனி பரிசோதனை செய்யப் போகிறதாம். அதே மாதிரி வண்டி, அதே ரிப்பேர், அதே இடத்தில் பாஸ்டி. மலைப் பாதையில் போகிற அளவுக்குப் பாரம் இழுத்து ஓட்டுவார்கள். பாஸ்டி புகைந்து தீப்பிடித்தால் வழக்கு அவர்கள் பக்கம். ஆலையிலிருந்து புத்தம்புது வண்டி கொண்டுவரப் பார்த்தார்கள், ஜோன் விடவில்லை. ஊரில் ஓடிப் பழகின வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

வெர்னா தன் வண்டியை அவர்களுக்கே விற்றுவிட்டாள். கம்பெனி புது விலையே கொடுத்ததாம். "உங்க கேஸ்ல லாபம் பார்த்த ஒரே ஆள் நான்தான்" என்கிறாள்.

பாஸ்டி நான் சுட வேண்டும். வேறு யார் சுட்டாலும் 'அதே பொருள்' ஆகாதாம். ஹேல் செய்முறையை எழுத்தில் கேட்டிருக்கிறார். என் மாமியாருக்கே கொடுக்காததைச் சிகாகோவுக்குக் கொடுப்பேனா? ஜோன் எதிர்ப்புத் தெரிவித்து முறைப்படி பதில் அனுப்பினாள். சட்டம் படித்ததன் பயனை அன்றுதான் கண்டதாகச் சொன்னாள்.

ரெய்னோ வரமாட்டேன் என்கிறான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

சரளைக்கல் குவாரியில் வைத்தார்கள். கேமராக்கள், தீயணைப்பு லாரி, மடக்கு நாற்காலிகள். ரெய்னோ வந்தான், கடைசி நிமிடத்தில், எல்லோருக்கும் பின்னால் எங்கள் லாரிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான். வெர்னா தெர்மாஸில் காபியோடு வந்திருந்தாள், சினிமா பார்க்க வந்தது போல.

ஃபார்லி கையுறை போட்டு என் பாஸ்டியை வாங்கினார். எடை பார்த்தார். படம் எடுத்தார். வெப்பமானி ஒன்றைக் குத்தினார். மிச்சத்தை நான் கூடையில் வைத்திருந்தேன். தீயணைப்புக்காரர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டியை வண்டியின் வலது பக்கம் செருகினார். பின்னால் மரக்கட்டைகளைக் கட்டினார்கள். கம்பெனி ஆள் ஒருவன் தலைக்கவசம் மாட்டி ஏறினான்.

சுற்றினான், சுற்றினான், அவ்வளவு நேரம் சுற்றினான். வெயில். காபி தீர்ந்தது. வெர்னா தூங்கிப்போனாள். வண்டி கடக்கும்போதெல்லாம் ஃபார்லி அதன் வலது பக்கத்தைக் குனிந்து பார்த்தார். எல்லாக் கேமராவும் பாஸ்டியைப் பார்த்தபடி.

புகை இடது பக்கத்திலிருந்து வந்தது.

முதலில் மெல்லிய இழை. சீட்டுக்குப் பின்னால். நான் கத்தினேன். ஓட்டியவன் பார்க்கவில்லை, இன்ஜின் சத்தம். புதுத் தகட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் தொங்கியது, சொட்டியது, அப்புறம் — குப்பென்று. அவன் குதித்து உருண்டான். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. தீயணைப்புக்காரர்கள் நுரை அடித்தார்கள். அதற்குள் பின் சீட் முழுக்க எரிந்துவிட்டது.

வெர்னா எழுந்து நின்றிருந்தாள். தெர்மாஸ் மூடி கையிலிருந்து விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் என் மாமியார் உட்கார்ந்த சீட்டு" என்றாள். "எனக்கு அவங்களைப் பிடிக்காது, ஐலி. ஆனா இப்படி இல்ல. இப்படி இல்ல."

அவளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

ஃபார்லி நுரைக்குள் கைவிட்டு வலது பக்கத்திலிருந்து பாஸ்டியை எடுத்தார். நேர்மையான மனிதர், சொல்லத்தான் வேண்டும். தாள் முழுசாக இருந்தது. கேமராவுக்கு முன்னால் வெப்பமானியைப் படித்தார்.

"எவ்வளவு?" என்றாள் ஜோன்.

"சாப்பிடற சூடு" என்றார் ஃபார்லி.

அப்போதுதான் ரெய்னோ என்னைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். லாரியிலிருந்து எப்போது இறங்கினான்? யாரையும் பார்க்கவில்லை. ஃபார்லி கையிலிருந்து பாஸ்டியை வாங்கினான், தாளைப் பிரித்தான், ஒரு கடி கடித்தான்.

"சார்! அது ஆதாரம்!" என்று ஹேல் பதறினார்.

ரெய்னோ மென்றான். விழுங்கினான். "உப்பு கம்மி" என்றான். அடுத்த கடி கடித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. கடைசித் துண்டு வரைக்கும் தின்றான், கேமரா ஓடிக்கொண்டிருக்க.

"ஆதாரத்தை என் கட்சிக்காரர் முழுமையாகப் பரிசோதித்தார்னு பதிவு பண்ணிக்குங்க" என்றாள் ஜோன்.

செப்டம்பர் 25, புதன்

காலையில் எழுந்ததும் முதல் கேள்வி: "கூடையில மிச்சம் ரெண்டு இருந்துதே?"

அக்டோபர் 15, செவ்வாய்

கம்பெனி சமரசத்துக்கு வந்துவிட்டது. ஜோன் தொகையைத் தாளில் எழுதி மேசை மேல் தள்ளினாள். ரெய்னோவின் கை அறுவை சிகிச்சை, புது சவுனா, ஒழுகுகிற கூரை எல்லாம் முடிந்து மிச்சமும் இருக்கும். நான் சைபர்களை விரல் வைத்து எண்ணினேன்.

"ஒரு நிபந்தனை இருக்கு" என்றாள்.

வாய்ப்பூட்டு. தீயைப் பற்றி, பரிசோதனையைப் பற்றி, வண்டியைப் பற்றி இனி யாரிடமும் பேசக் கூடாது. பேசினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வண்டிக்கு வைத்த சைலன்சர் போதாதென்று எனக்கும் ஒன்று மாட்டப் பார்க்கிறார்கள்.

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

"ஸ்டிக்கர் ஒட்டின மத்த வண்டிங்க?"

ஜோன் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதை எப்ப, எப்படி அறிவிக்கறதுன்னு அவங்க யோசிச்சுட்டு இருக்காங்களாம். உங்களுக்கு நல்ல தொகை, மிஸஸ் லாம்பெலா. வேண்டாம்னு நான் சொல்ல முடியாது. வேணும்னும் சொல்ல மாட்டேன்."

அக்டோபர் 17, வியாழன்

தூக்கம் இல்லை. கடையில் இரண்டு பேருக்குச் சில்லறை தவறாகக் கொடுத்தேன்.

அவன் கை. அதுதான். நான் வீராப்புப் பேசி, அவன் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் கிழவனாவதா? பேசாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஊருக்கு எல்லாம் தெரியும். வெர்னாவுக்குத் தெரியும். ஆனால் அடுத்த ஊருக்கு? அங்கே ஒரு மாமியார் உட்கார்ந்திருக்க மாட்டாளா?

சாப்பிடும்போது அவனிடமே கேட்டேன். "கை உன்னுது. நீ சொல்லு. நான் வாயை மூடிக்கறேன். மூடிக்குவேன், சத்தியமா."

ரெய்னோ ரொட்டியில் வெண்ணெய் தடவி முடித்தான். அவசரப்படுகிற ஆள் இல்லை.

"நீ பேசாம இருந்தா," என்றான், "வீட்ல நான்தான் பேசணும். அது என்னால ஆகாது."

கடையைச் சாத்தும் முன் ஜோனுக்குப் போன் செய்தேன். பூட்டு வேண்டாம், அது இல்லாமல் என்ன தருகிறார்களோ கேள் என்றேன். எதுவுமே தரவில்லை என்றால்? கேட்கவில்லை. கேட்கப் பயம்.

நவம்பர் 21, வியாழன்

முடிந்தது. ஹேல் மூன்று தரம் வந்து போனார். கடைசித் தரம், நீதிபதிக்கு முன்னால் அந்தப் பரிசோதனைப் படம் ஓடுமா என்று ஜோனைக் கேட்டிருக்கிறார். "முழுசா ஓடும்" என்றாளாம். பூட்டு போயிற்று. தொகையும் இளைத்துப் போயிற்று. அறுவை சிகிச்சைக்குப் போதும். சவுனாவுக்கு மரம் வாங்கலாம், ரெய்னோவே கட்டிக்கொள்வான். கூரை ஒழுகட்டும், வாளி இருக்கிறது.

கம்பெனி மறுபடியும் வண்டிகளைக் கூப்பிட்டிருக்கிறது, ஸ்டிக்கர் ஒட்டினவற்றையும் சேர்த்து. புதுக் கடிதம் எங்களுக்கே வந்தது. எரிந்துபோன வண்டியை உடனே ஓட்டுவதை நிறுத்தும்படி அன்போடு கேட்டிருந்தார்கள்.

தார்ப்பாயை எடுத்தோம். பழைய இரும்புக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். முற்றம் பெரிதாகத் தெரிகிறது.

2025 ஜனவரி 18, சனி

ஏரி நன்றாக உறைந்துவிட்டது. ரெய்னோ அறுவை சிகிச்சை முடிந்த இடது கைக்குப் பயிற்சியாக ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே, இரைக்கு விற்கிற சின்ன மீன் தொட்டிக்குக் காவல் இருந்தான்.

சாயங்காலம் ஒருத்தன் வந்தான். விஸ்கான்சின்காரன், பனியில் மீன் பிடிக்க. அதே வண்டி. கடைச் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்து சின்ன மீன் இரண்டு டஜன் கேட்டான்.

"வண்டியை முதல்ல அங்கே, நடு முற்றத்துல கொண்டுபோய் விடுங்க."

"ஏங்க?"

"அந்த மாடலைத் திரும்பக் கூப்பிட்டுக் கடிதம் வந்திருக்கே, பார்க்கலையா?"

பழைய வண்டியாக வாங்கியதாம், கடிதம் எதுவும் வரவில்லை. பச்சை ஸ்டிக்கரைப் பெருமையாகக் காட்டினான். "இதோ பாருங்க, சரி பண்ணிட்டாங்க."

"உட்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தான். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், குருவி உட்பட. நடுவில் ரெய்னோ எழுந்துபோய் வண்டியைத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்திவிட்டு வந்தான். அந்த ஆள் கடையின் டெலிபோனைக் கேட்டான். மச்சானிடமும் இதே வண்டிதானாம், வீட்டோடு ஒட்டின கொட்டகையில் நிற்கிறதாம்.

"டேய், வண்டியை உடனே வெளியே தள்ளு. இல்ல, ஓட்டாதே, தள்ளு. ஏன்னா... அது என்னமோ தகடு... இரு, இரு."

ரிசீவரை என்னிடம் நீட்டினான். "நீங்களே சொல்லுங்கம்மா."

அந்தப் பக்கம் ஒரு குரல், "யாருங்க நீங்க?" என்றது.

கடை சாத்துகிற நேரம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.